ஏசி கீமோ: முதல் சுற்றின் 21 நாள்

ஜூன் 3
மார்பகப் புற்றுநோய்க்கான ஏசி கீமோவில் இரண்டு மருந்து: சிவப்பு நிற டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு. சிவப்பு மருந்து ஏறும்போது ஊசி இடம் எரிந்தாலோ வீங்கினாலோ அந்த நொடியே நர்ஸைக் கூப்பிட வேண்டும். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும் மருந்து அது. "பாட்டில் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்" என்ற பொறுமை இங்கே ஆகாது.

இன்றும் நாளையும் சிறுநீர் சிவக்கும்; மருந்தின் நிறம்தான். அதற்கு மேலும் சிவந்தாலோ, நீர்க்கடுப்பு வந்தாலோ மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையை அரிக்கும். நீர் குடிப்பதில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கலாம். அடக்கி வைக்கக் கூடாது.

ஜூன் 4
வாந்திதான் வரவில்லையே என்று பலர் மாத்திரையை நிறுத்துவது இன்றுதான். வராமல் இருப்பதே மாத்திரையால். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை குமட்டல் மறுபடி தலைதூக்கும். கிளம்பிவிட்டால் அடக்குவது பெரும்பாடு. குமட்டலுக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையான டெக்ஸாமெத்தசோனைக் காலை உணவுக்குப் பின் போட வேண்டும். மாலையில் போட்டால் விடிய விடிய கொட்டக் கொட்ட விழிப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் ஏறும். தாளிக்கும் வாசனை குடலைப் புரட்டினால் ஆறிய இட்லி.

ஜூன் 7
ஸ்டீராய்டு நின்றதும் உடம்பு துவளும். வாந்திக்கான ஒண்டான்செட்ரான் குடலை மந்தமாக்குவதால் மலச்சிக்கல். மலமிளக்கியான லாக்டுலோஸ் எழுதித் தரச் சொல்லலாம். இசப்கோலைப் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். எனிமா வேண்டாம்: கிருமியோடு போராடும் ரத்த வெள்ளணு குறையப்போகும் நேரத்தில் சிறு கீறலும் கிருமிக்கு வாசல்.

ஜூன் 9
வாய்ப்புண். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 1 டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் ஆப்ப சோடா. சாப்பிட்டபின்னும் படுக்குமுன்னும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மிச்சத்தை அன்றே கொட்டிவிடலாம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அது ஆகாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். வெள்ளைப் படலம் படிந்தால் பூஞ்சை; அதற்குத் தனி மருந்து உண்டு.

ஜூன் 12
பத்தாம் நாள். வெள்ளணு அடிமட்டத்துக்குப் போவது ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால் நடு இரவானாலும் கிளம்ப வேண்டும். அக்குளில் வைத்தால் குறைத்துக் காட்டும். நாக்கின் அடியில் வைக்க வேண்டும். காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்து.

பாரசிட்டமால் போட்டுப் பார்ப்பதுதான் ஆபத்து. காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. எதிர்த்துப் போராட வெள்ளணு இல்லாததால் சீழோ வீக்கமோ தெரியாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். குளிர் நடுக்கம் எடுத்தால் தெர்மாமீட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவில் முதல் வாக்கியமே "கீமோ போட்டு பத்து நாள் ஆச்சு, காய்ச்சல்" என்று இருக்கட்டும். வரிசையில் உட்கார வைத்தால் மறுபடி சொல்லலாம். ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும்.

பழமே கூடாது என்பது மிகை. கழுவி, தோல் சீவிச் சாப்பிடலாம். வெட்டி வைத்த கடைப் பழம், நேற்றைய தேங்காய்ச் சட்னி வேண்டாம்.

ஜூன் 19
முடி கொத்தாக வரும். அதற்கு முன்பே தலைத்தோல் வலிக்கும். ஒட்ட வெட்டிக்கொண்டால் வலி கொஞ்சம் குறையும். சவரக்கத்தி வேண்டாம், டிரிம்மர் போதும்.

ஜூன் 23
ரத்தப் பரிசோதனை. மார்பக அறுவை சிகிச்சை முடிந்திருந்தால் மறுபக்கக் கையில் எடுக்கச் சொல்லலாம். வெள்ளணுவில் ஒரு வகையான நியூட்ரோபில் பொதுவாக 1500 இருந்தால் நாளை அடுத்த டோஸ். குறைந்தால் தள்ளிப்போகும், சாப்பாட்டில் குறை வைத்ததால் அல்ல, எலும்பு மஜ்ஜைக்கு அவகாசம் போதவில்லை.