தோல் பெல்ட்டை அடர் நிறமாக்க

பக்கிளுக்கு அடியில் மறையும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக் கறுத்தால் எண்ணெயே போதும். முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. அசிட்டோன் (நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் திரவம்) தொட்ட பஞ்சால் அதைத் துடைத்தெடுக்காமல் எண்ணெயோ சாயமோ இறங்காது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

நீட்ஸ்ஃபுட் ஆயில் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுத்து, தோலுக்குப் பூசும் எண்ணெய்), ஒரு பெல்ட்டுக்கு அரை டீஸ்பூன். பழைய பனியன் துணியில் தொட்டு நீளவாக்கில் சீராக இழுத்து, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பூசியவுடன் தெரியும் கறுப்பை நம்பக்கூடாது, எண்ணெய் உள்ளே பரவியதும் கொஞ்சம் வெளுக்கும். போதாவிட்டால் மறுநாள் இன்னொரு கை. அவசரப்பட்டு ஊற்றினால் தோல் தொளதொளத்து, பக்கிள் ஓட்டை இழுபட்டுப் பெரிதாகும். ஏறிய நிறத்தை இறக்கவும் வழியில்லை.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஸ்வேடு (மென்முடி போன்ற மேற்பரப்புள்ள தோல்) பக்கம் எந்த எண்ணெயையும் கொண்டுபோகாதீர்கள்.