டாக்டர் ரிப்போர்ட் இருக்கு, ஸ்கூல் மட்டும் எலிஜிபிள் இல்லைங்குதா?

அமெரிக்கால, டெக்சஸ் மாநிலத்து டல்லாஸ் பக்கம் எங்க அம்மாக்கள் வாட்ஸப் குரூப்ல இந்தக் கேள்வி வராத மாசமே இல்ல. "பையனுக்கு ஆட்டிசம்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டார்ங்க, ஸ்கூல்ல என்னடான்னா ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு எலிஜிபிள் இல்லைங்கறாங்க, அதெப்படி?" தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் பொண்ணுக்காக அலைஞ்சதுல தெரிஞ்சத இங்க எழுதிடறேன்.

டாக்டர் சொல்றது டயக்னோசிஸ். ஸ்கூல் பாக்கறது ஐடியா (IDEA)ங்கற ஃபெடரல் சட்டத்த, குறைபாடு இருக்கற பசங்களோட படிப்புக்கான சட்டம் அது. அதுல இருக்கற 13 வகை குறைபாட்டுல ஏதாவது ஒண்ணுல குழந்தை வருதா, அதனால படிப்பு பாதிச்சு ஸ்பெஷல் எஜுகேஷன் தேவைப்படுதா, ரெண்டுக்கும் ஆமான்னாதான் ஐஇபி (IEP), அதாவது அந்தக் குழந்தைக்குன்னே எழுதற தனி படிப்புத் திட்டம். நம்ம பிள்ளைங்க மாட்டிக்கறது ரெண்டாவதுல, ஏன்னா ராத்திரி உக்கார வெச்சு நாமளே சொல்லிக் குடுத்துடறோம், மார்க் வந்துடுது, டீச்சரும் "நல்லாதானே படிக்கறான்"னுடறாங்க. ஆனா பாஸாகி அடுத்தடுத்த கிளாஸுக்குப் போற குழந்தைக்கும் உரிமை உண்டுன்னு ஃபெடரல் விதிலயே இருக்கு. மத்த பசங்களோட பேசிப் பழக முடியலைங்கறதும் கணக்குதான்.

வாசல்ல டீச்சர பாத்து வாயால கேட்டுட்டு வந்துடாதீங்க. ஃபுல் எவால்யுவேஷன், அதாவது ஸ்கூலே குழந்தைய முழுசா டெஸ்ட் பண்ணிப் பாக்கறது, வேணும்னு பிரின்சிபாலுக்கு ஈமெயில் போடுங்க. டெக்சஸ்ல எழுத்துல கேட்டா 15 ஸ்கூல் நாளுக்குள்ள பதில் வரணும், ஒண்ணு டெஸ்ட் பண்ண உங்க சம்மதம் (கன்சென்ட்) கேக்கணும், இல்ல ஏன் பண்ண மாட்டோம்னு காரணத்த எழுதித் தரணும். கையெழுத்து போட்டதுல இருந்து 45 ஸ்கூல் நாள்ல ரிப்போர்ட். லீவு நாள் இதுல சேராது, அதனால ஆகஸ்ட்ல ஸ்கூல் தொறந்ததுமே கேட்டுடறது நல்லது. "மொதல்ல கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஹெல்ப் குடுத்துப் பாக்கலாமே"ம்பாங்க, குடுக்கட்டும், அதக் காட்டி எவால்யுவேஷன தள்ளிப்போடக் கூடாது.

நான் கறாரா பேசறேன்னு தோணுதா? 2004ல இந்த மாநில கல்வித்துறை ஸ்பெஷல் எஜுகேஷன் பசங்க மொத்த பசங்கள்ல 8.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும்கற மாதிரி ஒரு அளவு வெச்சிருந்துச்சுங்க. 2016ல ஹூஸ்டன் கிரானிக்கிள் பேப்பர் அத வெளில கொண்டு வந்துச்சு, அடுத்த வருஷம் சட்டம் போட்டு தடை பண்ணாங்க, 2018ல ஃபெடரல் கல்வித்துறையும் சட்ட மீறல்தான்னு சொல்லிடுச்சு. அதுக்குள்ள எத்தன பிள்ளைங்க அப்படியே வளந்து போச்சோ.

அப்புறம் நம்ம தமிழ். பேச்சு லேட்டுன்னா உடனே "வீட்டுல ரெண்டு பாஷை"ன்னு எல்லாரும் ஆரம்பிச்சுடுவாங்க, நம்ம சொந்தக்காரங்க உட்பட. இங்கிலீஷ் சரியா வரலைங்கறது மட்டுமே முடிவுக்குக் காரணமா இருக்கக் கூடாது, குழந்தைக்கு எந்த பாஷை வருமோ முடிஞ்ச வரைக்கும் அதுலயும் டெஸ்ட் பண்ணணும், ரெண்டுமே சட்டத்துல இருக்கு. மீட்டிங்ல உங்களுக்கு இன்டர்பிரிட்டர் வேணும்னா ஸ்கூல்தான் செலவு பண்ணி ஏற்பாடு பண்ணணும், வெக்கப்படாம கேளுங்க. விசா பயமும் வேண்டாம், ஹெச்1பியா கிரீன் கார்டான்னு பாத்து சர்வீஸ் தர்றதில்ல.

இங்க எலிஜிபிளா இல்லையான்னு முடிவு பண்ற ஐஇபி மீட்டிங்குக்கு பேரு ஆர்ட் (ARD). எலிஜிபிள் இல்லைன்னு முடிவாச்சுன்னா 504 பிளான் (ஸ்பெஷல் எஜுகேஷன் இல்லாமலே கிளாஸ்ல சின்னச் சின்ன வசதி பண்ணித் தர்ற திட்டம்) கிடைக்குமான்னு அங்கயே கேளுங்க, பரீட்சைக்கு கூட நேரம், முன் பெஞ்ச் மாதிரி விஷயங்களுக்கு அதுவே போதும். ரிப்போர்ட்டே தப்புன்னு தோணுச்சா, வெளி ஆள வெச்சு ஸ்கூல் செலவுலயே இன்னொரு எவால்யுவேஷன் கேக்கலாம், அவங்க ஒண்ணு பணம் கட்டணும், இல்ல தங்களோட ரிப்போர்ட் சரிதான்னு ஹியரிங் (சட்டப்படி நடக்கற விசாரணை) போய் நிரூபிக்கணும். எங்க டிஸ்ட்ரிக்ட் ஹியரிங் வரைக்கும் போகல, பணத்தக் கட்டிடுச்சு.