மெமரி சிப்புக்கு ஹீட்சிங்க்: செம்பா அலுமினியமா என்பது கடைசிக் கேள்வி

கிராபிக்ஸ் கார்டின் மெமரி சிப்புகளுக்கு ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, செம்பு வாங்கலாமா, அலுமினியம் போதுமா என்பதைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். சிப்போடு உலோகம் எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருக்கிறது, அந்த உலோகத்தின் மேல் காற்று ஓடுகிறதா என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். மெமரியின் வெப்பநிலையில் பெரும்பகுதி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஜிடிடிஆர்6, ஜிடிடிஆர்6எக்ஸ் என்ற மெமரி வகைகளில் ஒரு சிப்பின் அளவு 12 × 14 மி.மீ., அதாவது 168 சதுர மி.மீ. பரப்பு. முழு வேலையில் ஒரு சிப் ஏறத்தாழ 2 முதல் 3 வாட் வெப்பம் தரும், 2.5 என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 1.5 மி.மீ. தடிமனில் ஒரு தெர்மல் பேட், அதாவது சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் வைக்கும், வெப்பம் கடத்தும் மென்மையான பட்டை. அதன் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 6 வாட். வெப்பம் முழுவதும் இந்த வழியாகவே போனால் பேடின் அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் சுமார் 3.7 டிகிரி வித்தியாசம் வரும். கடத்துதிறன் 12 என்று போட்டிருக்கும் விலை கூடிய பேடாக மாற்றினால் 1.9 டிகிரி. இரட்டிப்புக்கும் மேல் பணம் கொடுத்து 2 டிகிரிகூட மிச்சமாகவில்லை. இப்போது அந்தப் பேட் சரியாக அமுங்காமல், நடுவில் 0.1 மி.மீ. காற்று நின்றுவிட்டது என்று வையுங்கள். அதே 2.5 வாட் அதைத் தாண்டிப் போக 57 டிகிரி வித்தியாசம் தேவை. அவ்வளவு வித்தியாசம் கிடைக்காது. வெப்பம் போர்டுக்குள் திரும்பி, சிப்பும் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து கொதிக்கும். "நல்ல பேட் போட்டும் வெப்பம் குறையவில்லை" என்பவர்களின் கார்டைத் திறந்தால் பெரும்பாலும் பேடின் மேல் சிப்பின் தடமே பதிந்திருக்காது.

இந்த வேலை இரண்டு வகைப்படும். ஒன்று, கார்டின் மூலக் கூலரைக் கழற்றிவிட்டு, கோர் (நடுவில் உள்ள முதன்மைச் சிப்) மேல் மட்டும் உட்காரும் வாட்டர் கூலரையோ வேறு கூலரையோ மாட்டும்போது திறந்து கிடக்கும் சிப்புகளுக்குச் சின்ன ஹீட்சிங்க் ஒட்டுவது. மற்றொன்று, கூலர் அப்படியே இருக்க, போர்டின் பின்பக்கம் உள்ள சிப்புகளின் வெப்பத்தை, அந்தப் பக்கத்தை மூடும் தட்டான பேக்பிளேட் வழியாக எடுப்பது. இரண்டுக்கும் வாங்கும் பொருளே வேறு.

முதல் வகையில் இறங்குமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சில கார்டுகளில் மெமரியையும், சிப்புகளுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியையும் சேர்த்து மூடும் தனி உலோகத் தட்டு, பெரிய கூலரைக் கழற்றிய பிறகும் போர்டிலேயே இருக்கும். புதுக் கூலர் அதோடு மோதாமல் உட்கார்ந்தால் அந்தத் தட்டை எடுக்காதீர்கள். கடையில் கிடைக்கும் எந்தச் சின்ன ஹீட்சிங்கையும் விட அதுவே மேல். திருகில் பிடித்திருப்பதால் விழவும் விழாது.

தட்டு இல்லையென்றால் 14 × 14 மி.மீ. அடிப்பரப்புள்ள ஹீட்சிங்குகள்தான் வழக்கம். 6 மி.மீ. உயரத்தில் ஐந்து துடுப்புகள் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றுபடும் மொத்தப் பரப்பு 10 சதுர செ.மீ. அளவுதான் வரும். ஃபேன் இல்லாத அமைதியான காற்றில் அது ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 டிகிரி ஏறும். ஃபேன் காற்று நேராகப் பட்டால் ஒரு வாட்டுக்கு 20 டிகிரி அளவுக்கு இறங்கும். ஐந்து மடங்கு வித்தியாசம். சிப்பின் வெப்பத்தில் ஒரு பங்கு சாலிடர் வழியாகப் போர்டுக்கும் போகும் என்பதால் நிஜத்தில் நிலைமை இவ்வளவு மோசமாக இராது. ஆனாலும் விகிதம் மாறாது: காற்று இல்லாத இடத்தில் ஒட்டிய சின்ன ஹீட்சிங்க் அலங்காரத்துக்குத்தான் உதவும். கார்டில் வாட்டர் கூலரை மாட்ட உதவும், என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் கிராக்கன் ஜி12 பிராக்கெட்டில் வாட்டர் பம்புக்குப் பக்கத்திலேயே 92 மி.மீ. ஃபேன் வைத்ததற்குக் காரணமும் இதுதான். அப்படி ஃபேன் வராத பிராக்கெட் என்றால் ஒரு 92 அல்லது 120 மி.மீ. ஃபேனை ஜிப் டையில் கட்டியாவது வையுங்கள். ஹீட்சிங்குக்குச் செலவிடுவதற்கு முன் ஃபேனுக்குச் செலவிடுங்கள்.

அடுத்தது உயரம். அதே 14 × 14 அடியில் உயரத்தை 6இலிருந்து 10 மி.மீ. ஆக்கினால் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். இடம் இருக்கும்வரை உயரமானதை எடுப்பதே லாபம். ஆனால் கோரை ஒட்டி இருக்கும் சிப்புகளின் மேல் பம்பின் வட்ட உடல் நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே 5, 6 மி.மீ. உயரம்தான் நுழையும். வாங்குவதற்கு முன் கூலரை ஒட்டாமல் ஒருமுறை வைத்துப் பார்த்து, எந்தச் சிப்புக்கு மேல் எவ்வளவு இடம் என்று வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கார்டுக்கு இரண்டு உயரங்களில் வாங்க வேண்டி வருவது சகஜம். அகலத்தையும் விடாதீர்கள். ஜிடிடிஆர்5, ஜிடிடிஆர்6 சிப்புகள் 12 × 14. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ போன்ற கார்டுகளில் உள்ள ஜிடிடிஆர்5எக்ஸ் 10 × 14. அதன் மேல் 14 × 14 வைத்தால் இரு பக்கமும் 2 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். அடியில் உள்ள சின்னக் கெபாசிட்டர்கள் சிப்பைவிடத் தாழ்ந்தவை என்பதால் அவ்வளவு தள்ளினால் பரவாயில்லை. 20 × 20 வாங்கி ஒட்டினால் பக்கத்தில் உயர்ந்து நிற்கும் சோக் காயில் என்ற மின்சுருளின் மேல் ஏறி, சாய்ந்து, சிப்பை ஒரு விளிம்பில் மட்டும் தொடும். முன்னே சொன்ன 0.1 மி.மீ. காற்று இடைவெளி இப்படித்தான் உருவாகிறது.

துடுப்பா, ஊசியா என்பதைக் காற்றின் திசை சொல்லும். மேலிருந்து நேராக ஊதும் ஃபேன் என்றால் ஊசி வகை. பக்கவாட்டில் ஒரே திசையில் காற்று போகிறது என்றால், துடுப்புகளை அந்தத் திசைக்கு இணையாகத் திருப்பி ஒட்டுங்கள். குறுக்கே ஒட்டிய துடுப்பில் முதல் வரிசை மட்டுமே வேலை செய்யும்.

இனி செம்புக்கு வருவோம். செம்பின் கடத்துதிறன் 400 அளவில், அலுமினியம் 200 சொச்சம். கேட்க இரட்டிப்பு. ஆனால் துடுப்பின் உயரமே சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு குறுகிய தூரத்தில் அலுமினியத் துடுப்பின் நுனியும் அடியும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும். 1 மி.மீ. தடிமனும் 6 மி.மீ. உயரமும் உள்ள அலுமினியத் துடுப்பின் திறன், இந்த அளவு காற்றில், 99 சதவீதத்துக்கு மேல். செம்பு அதற்கு மேல் எதைக் கூட்டும்? எடையைக் கூட்டும். 10 மி.மீ. உயரமுள்ள அதே வடிவம் அலுமினியத்தில் சுமார் 2.4 கிராம், செம்பில் 8 கிராம். சாதாரண டவர் கேஸில் கார்டின் முகம் தரையைப் பார்த்திருக்கும். அதாவது நீங்கள் ஒட்டும் ஒவ்வொரு ஹீட்சிங்கும் தலைகீழாக, சூட்டில், ஒரு டேப்பின் பிடியில் மாதக்கணக்கில் தொங்கப்போகிறது. மூன்று மடங்குக்கு மேல் கனமானதைத் தொங்கவிட்டுக் கிடைக்கும் ஆதாயம் அளவிலேயே தெரியாது என்றால், அலுமினியமே சரி. கழன்று விழும் உலோகம் கீழே உள்ள ஃபேனில் சிக்கினால் சத்தத்தோடு போகும். மதர்போர்டின் மேல் விழுந்தால் ஷார்ட் ஆகும்.

டேப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். 3எம் 8810 வகை வெப்ப டேப்பின் தடிமன் 0.25 மி.மீ., கடத்துதிறன் வெறும் 0.6. எண்ணைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை, 2.5 வாட்டுக்கு 6 டிகிரிதான் அதில் போகிறது. பிடிப்பு உறுதியானது என்பதே அதை வாங்கக் காரணம். ஹீட்சிங்கின் அடியிலேயே ஒட்டி வரும் பெயர் தெரியாத டேப்பை நம்பாதீர்கள்; உரித்துவிட்டு இதைப் போடுங்கள். சாதாரண தெர்மல் பேடை டேப்பாக நினைத்து ஒட்டுவதும் நடக்கிறது. பேட் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், அவ்வளவுதான். மேலிருந்து அழுத்த எதுவும் இல்லாத இடத்தில் அது நிற்காது.

ஒட்டும் முறை முக்கியம். பழைய பேடுகள் சிப்பின் மேல் சிலிகோன் எண்ணெயை விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் டேப் உரிவதற்கு முதல் காரணம். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால், துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை துடையுங்கள். ஹீட்சிங்கின் அடியையும் அதேபோல. பிறகு விரல் படக் கூடாது. டேப்பைச் சிப்பின் அளவுக்கு வெட்டி, முதலில் ஹீட்சிங்கில் ஒட்டி, காற்றுக் குமிழை நகத்தால் தள்ளி, சிப்பின் மேல் நேராக வைத்து, கால் நிமிடமாவது நேர் அழுத்தம் கொடுங்கள். கார்டை முகம் மேலே இருக்கும்படி ஒரு நாள் படுக்க வைத்துவிட்டு மாட்டுவது நல்லது. இந்த வகைப் பசை நேரம் போகப் போகத்தான் முழுப் பிடிப்புக்கு வரும்.

இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்சி பசை டேப்பைவிடக் குளிர்ச்சியாக வைக்கும், விழவும் விழாது. ஆனால் அது நிரந்தரம். பின்னாளில் நெம்பி எடுக்கப் பார்த்தால் ஹீட்சிங்கோடு சிப்பும் போர்டிலிருந்து பிய்ந்து வரும். ஜிடிடிஆர்6 சிப்பின் அடியில் 180 சாலிடர் புள்ளிகள், பிய்ந்தால் வீட்டில் சரிசெய்ய முடியாது. உத்தரவாதக் காலத்தில் உள்ள கார்டில் எபாக்சி வேண்டவே வேண்டாம். டேப்பில் ஒட்டியதை எடுக்கவும் நெம்பக் கூடாது: ஹேர் டிரையரில் சூடாக்கி, அடியில் பல் இடுக்கு நூலை அறுப்பதுபோல் ஓட்டி, ஹீட்சிங்கை மெதுவாகத் திருகி எடுங்கள்.

பின்பக்க வேலைக்குச் சரியான உதாரணம் ஆர்டிஎக்ஸ் 3090. 2020இல் வந்த இந்தக் கார்டில் 24 ஜிபி மெமரி, 1 ஜிபி சிப்புகள் 24ஆக, முன்னால் 12, பின்னால் 12 என்று இருக்கிறது. பிறகு வந்த 3090 டிஐயில் 2 ஜிபி சிப்புகள் 12தான். எல்லாம் முன்பக்கம், கூலரின் அடியில். அதனால் இந்தத் தலைவலி அதில் இல்லை. 2022 செப்டம்பரில் எத்திரியம் கிரிப்டோ நாணயத்தின் மைனிங் முடிந்தபின் பழைய 3090 கார்டுகள் நிறையச் சந்தைக்கு வந்தன. இன்று வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுபவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். மைனிங், ஏஐ இரண்டுமே மெமரியை விடாமல் வேலை வாங்குபவை. மெமரி ஜங்ஷன், அதாவது சிப்பின் உள் வெப்பநிலை, 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைக்கும்.

பின்னால் உள்ள 12 சிப்புகளும் சேர்ந்து 30 வாட் அளவுக்கு பேக்பிளேட்டில் கொட்டுகின்றன. ஃபேன் காற்று படாத தட்டையான உலோகத்துக்கு அது அதிகம். இங்கே சின்னச் சின்ன ஹீட்சிங்குகளை ஒட்டுவது வீண். 15 மி.மீ. வரை உயரமுள்ள பெரிய அலுமினிய ஹீட்சிங்க் ஒன்றோ இரண்டோ, கோரின் பின்புறத்தைச் சுற்றி மெமரி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வையுங்கள். கார்டின் வால்பக்கம் அழகாக இடம் இருக்கிறது என்று அங்கே வைத்துவிடாதீர்கள். மெல்லிய தட்டில் வெப்பம் அவ்வளவு தூரம் பரவி வராது. மேலே 120 மி.மீ. ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும். டவர் கேஸில் பேக்பிளேட் மேலே பார்த்திருப்பதால் எடையே பிடித்துக்கொள்ளும்; நடுவில் 0.5 மி.மீ. பேட் போதும். சிபியு கூலருக்கும் பேக்பிளேட்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் முன்பே அளந்துகொள்ளுங்கள், கார்டு தொங்காமல் அடியில் முட்டும் கொடுங்கள்.

ஆனால் ஹீட்சிங்க் வைக்குமுன் பேக்பிளேட்டைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். சிலவற்றில் பேட் காய்ந்து, எண்ணெய் வடிந்து, நொறுங்கியிருக்கும். சில பேக்பிளேட்டுகள் பிளாஸ்டிக். அதன் மேல் எந்த ஹீட்சிங்க் வைத்தும் பயனில்லை. உலோகத் தட்டிலும் உட்பக்கம் கறுப்புக் காப்புத் தாள் ஒட்டியிருந்தால், சிப்புக்கு நேர் உள்ள இடத்தில் மட்டும் அதை வெட்டி எடுங்கள். மற்ற இடங்களில் ஷார்ட் ஆகாமல் காப்பது அதுதான்.

பேட் தடிமனை யாரோ சொன்னதை வைத்து வாங்காதீர்கள். ஒரே மாடலிலேயே தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பிள்ளைகளின் களிமண் உருண்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சிப்பின் மேல் வைத்து, திருகுகளை முழுதாக முடுக்கி, கழற்றி, தட்டையானதை வெர்னியரில் அளந்தால் உண்மையான இடைவெளி தெரியும். அதைவிட 0.2, 0.3 மி.மீ. கூடுதலான, கையால் அழுத்தினால் அமுங்கும் மென்மையான பேட் எடுங்கள். முன்பக்கத்தில் இது இன்னும் முக்கியம்: அங்கே தடித்த, விறைப்பான பேட் போட்டால் கூலர் தூக்கிக்கொண்டு கோரை விட்டு விலகும். கோரின் சராசரிக்கும் அதன் மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையே 20 டிகிரிக்கு மேல் இடைவெளி திடீரென்று வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இடைவெளி சிப்புக்குச் சிப் மாறும் கார்டில் களிமண்போல் அப்பும் தெர்மல் புட்டி எளிது. தடிமன் கவலை இல்லை. பேடுக்குப் பதில் செம்புத் தகடு வைக்கும் முறையும் உண்டு. நன்றாகக் குளிர்விக்கும்தான், ஆனால் தகடு அமுங்காது, நகர்ந்தால் பக்கத்துக் கெபாசிட்டரில் ஷார்ட் ஆகும். எல்லா இடைவெளியையும் 0.1 மி.மீ. துல்லியத்தில் அளக்க முடிந்தவர்கள் மட்டும் முயலலாம்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே சோதனையால் அளக்க வேண்டும். 3080, 3090 போன்ற ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளிலும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலும் எச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற மென்பொருள் மெமரி வெப்பநிலையைக் காட்டும். மெம்டெஸ்ட் வல்கன் என்ற சோதனை மென்பொருள் மெமரியை நன்றாகச் சூடேற்றும். எண் ஏறுவது நிற்கும்வரை, அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். அறை வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். டிசம்பரில் எடுத்த எண்ணை மே மாத எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. நீண்ட ஓட்டத்தில் 95க்குக் கீழ் நின்றால் நிம்மதியாக விட்டுவிடலாம்.

சென்சார் இல்லாத ஜிடிடிஆர்5 கார்டுகளிலும், 3070 போன்ற சாதாரண ஜிடிடிஆர்6 என்விடியா கார்டுகளிலும் கே வகை தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை அளக்கும் கம்பியின் நுனியைச் சிப்பின் ஓரத்தில், சூடு தாங்கும் காப்டன் டேப்பால் ஒட்டி அளக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் ஹீட்சிங்கில் நேரே காட்டினால் குறைத்தே சொல்லும். மேலே ஒரு துண்டு மின் டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள். மெமரி கிளாக்கை (மெமரி ஓடும் வேகத்தை) ஏற்றும்போது திரையில் கோளாறே வராமல் சோதனை ஸ்கோர் மட்டும் குறைந்தால், சிப் பிழையைக் கண்டுபிடித்து தரவைத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கிளாக்கைப் பழைய இடத்துக்கு இறக்குங்கள்.

டேப்பில் ஒட்டிய கார்டை ஒரு வாரம் ஓட்டிய பிறகு கேஸைத் திறந்து, மின்சாரத்தை நிறுத்தி, ஒவ்வொரு ஹீட்சிங்கையும் விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடுவதை எடுத்து, துடைத்து, புது டேப்பில் ஒட்டுங்கள். பழைய டேப்பையே திரும்ப அழுத்தினால் பிடிக்காது.