வில்லை மட்டும் ஓட்டுங்க

"மாஸ்டர், இந்த ஒரு டேக் மட்டும் கம்பியில படாம வில்லை ஓட்டுங்க."

ரெக்கார்டிங்கில் நான் சொன்னது இவ்வளவுதான். அதையும் மைக்கில் சொல்லவில்லை. கடைசி வரிசை வரை நடந்து போய், அவருடைய ஸ்டாண்டில் நோட்ஸைத் திருத்துவதுபோலக் குனிந்து சொன்னேன். "சரிப்பா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கண்டக்டர் எதற்காகக் கடைசி வரிசைக்கு நடப்பார் என்று மற்ற வயலின்காரர்களுக்குத் தெரியாதா என்ன?

41-ஆவது பாரில், அதாவது தாளக்கட்டில், எஃப் ஷார்ப் ஸ்வரம் மூன்று டேக்காகச் சுருதி இறங்கியே நின்றது. அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. இங்கே நோட்ஸ் கைக்கு வந்த சூட்டோடு வாசிக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டுப் பேச நேரம் ஏது? பாடகரும் வாத்தியங்களும் ஒரே நேரத்தில் பதிவான காலத்தில், ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அப்போதே பிசகாமல் வாசித்தவர் அவர் என்பது வேறு விஷயம். இல்லை, அதுதான் விஷயம்.

அடுத்த டேக். ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக், கையில் நாலு எண்ணிக்கை, கண் அவர்மேல். வில் கம்பிக்கு ஒரு நூல் மேலே போய்வந்தது. ஏற்ற இறக்கம்கூடப் பக்கத்து ஆளோடு அச்சாக ஒத்துப்போனது. 41 வந்தது. எஃப் ஷார்ப் அப்போதும் கீழேதான் இருந்தது.

இருந்ததாகத்தான் எனக்குக் கேட்டது. ஒரு காது ஹெட்போனுக்குள் இருந்தது; சத்தியம் செய்ய மாட்டேன். "ஓகே, சூப்பர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் கையை இறக்கிவிட்டேன். இன்னொரு டேக் கேட்டிருந்தால், பிசகியது யாரென்று எல்லோர் முன்னாலும் தேட வேண்டியிருந்திருக்கும். அவருடைய மானத்தைக் காப்பாற்றினேன் என்றுகூட அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா, இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தது. நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். பிறகு அதன் வீடியோத் துண்டுகளைப் பார்த்தபோது, என் கண் கண்டக்டரிடம் நிற்கவில்லை. கடைசி வரிசை வயலின்களின் வில்களுக்கே போனது.

அந்த ரெக்கார்டிங்குக்குப் பின் மேனேஜர் மாஸ்டரை அவ்வளவாகக் கூப்பிடவில்லை. ஆள் கூப்பிடுவது என் வேலை இல்லை. ஒருமுறை மட்டும் "அவருக்குச் சொல்லலாமா சார்?" என்று கேட்டார். "பாத்துக்கலாம்" என்றேன்.

அந்த ரெக்கார்டிங் அன்று மாலை வண்டி நிறுத்துமிடத்தில் வயலின் பெட்டியைத் தோளில் மாட்டியபடி மாஸ்டர் கேட்டார்: "அப்புறம் சரியா வந்துச்சாப்பா?"

"வந்துச்சு மாஸ்டர்."