ஈஸ்ட் பிரதர் தீவு: நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2019, சனி

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ரிச்மண்ட் – சான் ரஃபேல் பாலத்தில் போகும்போது வடக்கே பார்த்தால் அந்தத் தீவு தெரியும். தீவு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். முக்கால் ஏக்கர் பாறை, அதன் மேல் கோபுரம் வைத்த ஒரு மர வீடு. அதுதான் கலங்கரை விளக்கம். பெயர் ஈஸ்ட் பிரதர். பக்கத்தில் மொட்டையாக நிற்பது வெஸ்ட் பிரதர். எதிரே மரின் மாவட்டக் கரையோரம் இருக்கும் இரண்டு பாறைகளுக்குப் பெயர் சிஸ்டர்ஸ். அண்ணன் தம்பி இந்தப் பக்கம், அக்கா தங்கை அந்தப் பக்கம்.

அங்கே ஓர் இரவு தங்க இன்று அறை பதிவு செய்துவிட்டோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம் சொன்னேன்.

"எதுலப்பா போறது?"

"படகுல."

"இறங்குறது?"

"ஏணிம்மா. தண்ணி மட்டத்தப் பொறுத்து பன்னிரண்டு அடி வரைக்கும் ஏறணும்."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

பிப்ரவரி 17, ஞாயிறு

ஒரு வாரமாக விடாத மழை. வீட்டில் உட்கார்ந்து தீவின் கதையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

விளக்கைத் தீவில் கட்ட வேண்டும் என்று முதலில் யாருக்கும் ஆசை இல்லை. கரையில், பாயிண்ட் சான் பாப்லோ முனையில் கட்டத்தான் அரசு நினைத்தது. நிலத்துக்காரர்கள் கேட்ட விலை கட்டுப்படி ஆகவில்லை. இந்தப் பாறை ஏற்கெனவே அரசிடம் இருந்தது. வெடி வைத்து உச்சியைத் தட்டையாக்கி, 1873இல் வேலையை ஆரம்பித்தார்கள். வரைபடம் பால் பெல்ஸ் என்பவருடையது. பின்னாளில் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகக் கட்டடத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். இதே வரைபடத்தை வைத்து வேறு சில கலங்கரை விளக்கங்களும் கட்டியிருக்கிறார்கள். அரசுக்கு அதில் செலவு மிச்சம்.

"குடிக்கிற தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார் அம்மா. மழைதான். பாறையின் ஒரு சரிவு முழுக்க சிமென்ட் பூசி, விழுகிற மழை எல்லாம் நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கும்படி செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் குடிக்க மட்டுமல்ல. பனிமூட்டத்தில் ஊத வேண்டிய சங்கு அப்போது நீராவியில் இயங்கியது. அதன் கொதிகலனுக்கும் இதே தொட்டிதான். பனி விலகாத வாரங்களில் மனிதருக்கும் சங்குக்கும் நடுவே ஒரு போட்டியே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 1, வெள்ளி

1874இல் இதே தேதியில்தான் விளக்கை முதன்முதலாக ஏற்றினார்கள். 145 வருஷம். இன்று அதைப் பற்றி யாரும் பேசின மாதிரி தெரியவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

போய்விட்டு வந்தாச்சு. கை கால் வலி.

படகுத் துறைக்குப் போகிற வழி வைன்ஹேவனைத் தாண்டிப் போகிறது. 1907இல் தொடங்கி, மதுவிலக்கில் மூடும் வரை உலகத்திலேயே பெரிய ஒயின் ஆலையாக இருந்த இடம். இப்போது கோட்டை மாதிரி வெறும் செங்கல் சுவர்கள். அதே முனையில் 1971 வரைக்கும் திமிங்கில வேட்டை நிலையம் ஒன்றும் நடந்திருக்கிறது. அதையெல்லாம் யாரும் மீட்டெடுக்கவில்லை. இந்த மர வீட்டை மட்டும் எப்படி மீட்டார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி.

விளக்கு 1969இல் தானியங்கியானது. காப்பாளர்கள் போனார்கள். கடலோரக் காவல் படைக்கு வீடு தேவையில்லை. இடித்துவிட்டுக் கம்பத்தில் ஒரு விளக்கை மாட்டினால் போதும் என்பது திட்டம். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 1971இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியதால் இடிப்பு நின்றது. ஆனால் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் பெயிண்ட் தானாக வந்துவிடுமா? அடுத்த சில வருஷங்களில் உப்புக் காற்று வீட்டைத் தின்றது. 1979இல் ஒரு லாப நோக்கற்ற அமைப்பு தொடங்கி, அரசு மானியம், நன்கொடை, தன்னார்வலர்களின் உழைப்பு என்று சேர்த்து வேலையில் இறங்கினார்கள். தீவில் பிறந்த பொருள் ஒன்றும் கிடையாது. பலகை, ஆணி, சிமென்ட் எல்லாம் படகில் வந்தாக வேண்டும். காலப்போக்கில் பிடுங்கிப் போட்டிருந்த மர வேலைப்பாடுகளைப் பழைய படங்களைப் பார்த்து மறுபடி செய்தார்கள். வராந்தா தூணின் மேல்முனையில் வரும் தாங்குகட்டையைத் தடவிப் பார்த்தேன். அடுக்கடுக்காகப் பெயிண்ட், மூலையில் மட்டும் அதற்குள் உரிய ஆரம்பித்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது 1980இல் அவர்கள் எடுத்த முடிவு. அருங்காட்சியகம் என்று பூட்டி வைக்காமல் விடுதியாக்கினார்கள். மொத்தம் ஐந்து அறைகள், ஒன்று பழைய சங்குக் கட்டடத்தில். வாடகைதான் பெயிண்டுக்குக் காசு. ஓர் இரவு மட்டும் தங்கினால் குளிக்க முடியாது, தண்ணீர் அளவாகத்தான் இருக்கிறது. என் மனைவி இதைக் கேட்டு முகம் சுளித்தாள்.

அப்புறம் டயஃபோன். 1934இல் கடலுக்கடியில் கேபிள் போட்டு மின்சாரம் வந்தபோது, நீராவிச் சங்கை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். அழுத்திய காற்று, பிளவுகள் வெட்டிய ஒரு பிஸ்டனை அதே மாதிரி பிளவுகள் உள்ள உருளைக்குள் முன்னும் பின்னும் ஆட்டுகிறது. காற்று துண்டு துண்டாக வெட்டுப்பட்டு ஒலியாகிறது. இயந்திரத்தைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். விருந்தினர்களுக்காக ஊதிக் காட்டினார்கள். முதலில் காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்கூட்டில்தான் விழுந்தது. முடியும்போது காற்றழுத்தம் இறங்கி, எருமை செருமுகிற மாதிரி ஒரு 'ஹ்ம்ம்ப்'. அதற்காகவே இரண்டாம் தடவை கேட்டோம்.

ராத்திரி மேலே விளக்கு ஐந்து விநாடிக்கு ஒருமுறை மின்னிக்கொண்டே இருந்தது. அதைக் கவனித்துக்கொள்வது இன்றும் கடலோரக் காவல் படைதான். வீட்டைக் கவனித்துக்கொள்வது விடுதி நடத்துகிறவர்கள். படகு ஓட்ட வேண்டும், சமைக்க வேண்டும், குழாய் அடைத்தால் பார்க்க வேண்டும். காலை உணவைப் பரிமாறிவிட்டு எங்கள் பைகளை இறக்கி, எங்களைக் கரையில் விட்டதும் அவர்களேதான்.

மார்ச் 16, சனி

போட்டோக்களைப் பார்த்து அம்மா கேட்டது ஒன்றுதான்: "வாடகைக்கு விட்டுத்தான் வீட்டக் காப்பாத்துறாங்களா? புத்திசாலிங்க."

பெல்ஸின் இதே வரைபடத்தில் வந்த இன்னொரு வீடு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், சான் பெட்ரோவில் இருக்கிறது: பாயிண்ட் ஃபெர்மின். இதுவும் 1874தான். 1941இல் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு அதன் விளக்கை அணைத்து, விளக்கறையைக் கழற்றிவிட்டுக் கண்காணிப்புக் கூண்டு ஒன்றை மேலே வைத்துவிட்டார்கள். பார்க்கச் சகிக்காமல் ஜனங்கள் அதைக் கோழிக்கூண்டு என்றார்கள். 1974இல்தான் பழைய வடிவம் திரும்பியது. அம்மா ஊருக்குக் கிளம்புவதற்குள் அங்கே கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது, ஏணி கிடையாது.