எட்மன்டன் கிராட்ஸ்: 25 வருஷம், 20 தோல்வி

கனடாவின் எட்மன்டன் நகரத்தில் 1915 முதல் 1940 வரை ஒரு பெண்கள் பாஸ்கெட்பால் கிளப் இருந்தது. முழுப் பெயர் எட்மன்டன் கமர்ஷியல் கிராஜுவேட்ஸ். ஊர்க்காரர்களுக்கு கிராட்ஸ். பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி 522 ஆட்டங்கள் ஆடி 502-ல் ஜெயித்தார்கள். ஆடியவர்கள் டைப்பிஸ்ட், ஸ்டெனோ, டீச்சர் என்று வேலை பார்த்தவர்கள். ஆட்டத்துக்காக யாருக்கும் சம்பளம் கிடையாது.

ஒரே ஊரில் அபூர்வமான திறமைசாலிகள் ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது சுலபம். நான் அதை ஏற்பதில்லை. அந்த 25 வருஷத்தில் கிராட்ஸுக்கு ஆடியவர்கள் மொத்தமே 38 பேர். ஏறக்குறைய அத்தனை பேரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அந்தப் பள்ளிக்கூடம் போட்டுவைத்த ஏணிதான் கிளப்பின் உண்மையான பலம்.

மெக்டூகல் கமர்ஷியல் ஹைஸ்கூலின் ஆசிரியர் ஜே. பெர்சி பேஜ் பெண்கள் அணிக்குக் கோச் ஆனார். 1915-ல் அந்த அணி ஆல்பர்ட்டா மாகாண சாம்பியன் ஆயிற்று. படிப்பு முடிந்து போகிற பெண்களுக்கு ஆட்டத்தை விட மனமில்லை. அந்த ஜூன் மாதமே கிளப்பை ஆரம்பித்துவிட்டார்கள்.

சம்பளம் இல்லாத எந்தக் கிளப்புக்கும் வருஷா வருஷம் வரும் தொல்லை ஒன்று உண்டு. ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு வெளியூர் வேலை. போனவர் இடத்தில் புதியவர் வந்தால், பக்கத்தில் ஆடுபவர் எந்தப் பக்கம் ஓடுவார், பந்து எப்போது கைக்கு வரும் என்பது பிடிபடவே ஒரு சீசன் போய்விடும். நல்ல அணி சரிவது பெரும்பாலும் இங்கேதான். கிராட்ஸில் கல்யாணம் ஆனால் விலகிவிடுவது வழக்கம் என்பதால் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல்.

பேஜ் இதைச் சமாளித்தது இப்படி. பள்ளிக்குள் ஜூனியர் அணி, அதற்கு மேல் சீனியர் அணி. படிப்பு முடிந்தபின் ஆட கிராடெட்ஸ் என்ற அணி. அதற்கும் மேலேதான் கிராட்ஸ். கீழே இருந்த அணிகளை அவருடைய உதவியாளர்கள் பார்த்துக்கொண்டாலும், சொல்லிக்கொடுத்தது ஒரே முறை. குறைவான நகர்வுகள், திரும்பத் திரும்ப அதே பயிற்சி. தூரத்திலிருந்து எறிவதைவிட, குட்டைப் பாஸாகக் கொடுத்து வாங்கிக் கூடைக்குக் கிட்டே போய்ப் போடுவது. டிபன்ஸில் ஆளுக்கு ஒரு ஆள். இந்த வழியாக மேலே வரும் பெண்ணுக்குப் புதிதாகக் கற்க அதிகம் இருக்காது. வேகம் மட்டும்தான் கூடியிருக்கும். வாரத்துக்கு இரண்டு சாயங்காலப் பயிற்சி போதுமானதாக இருந்தது இதனால்தான்.

அவர்கள் எந்த விதிப்படி ஆடினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண்களுக்கென்று சென்டா பெரன்சன் 1892-ல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் கொண்டுவந்த ஆட்டத்தில் களம் மூன்று பகுதி. அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது, அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது, பந்தை மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பேஜ் தன் பெண்களை ஆண்களின் ஐவர் விதிப்படியே ஆடவைத்தார். அதில் முழுக் களமும் ஓட வேண்டும். அன்றைய ஆண்கள் விதியில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நடுக்களத்தில் ஜம்ப் பால் போடுவார்கள், அதாவது நடுவர் பந்தை மேலே எறிய, இரு அணியிலிருந்தும் ஒருவர் குதித்துத் தன் அணிக்குத் தட்டிவிடப் பார்ப்பார். 1937 வரை இதுதான் நடைமுறை. ஆட்ட நேரத்தில் நிறைய இதிலேயே கரையும், அதனால்தான் அந்தக் கால ஸ்கோர்கள் சின்னதாகத் தெரிகின்றன. சென்டர் பொசிஷனில் நல்ல உயரமும் குதிப்பும் உள்ளவர் இருந்தால், கூடை போட்ட அணிக்கே பந்து மறுபடியும் கிடைத்துவிடும். முப்பதுகளில் கிராட்ஸுக்கு அப்படி வாய்த்தவர் நோயல் மெக்டொனால்டு.

இரண்டு விதிகளும் நேருக்கு நேர் மோதியது 1922-ல். கனடா சாம்பியன் பட்டத்துக்காக ஒன்டாரியோவின் லண்டன் நகரத்து ஷாம்ராக்ஸ் அணியோடு ஆட, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் போனார்கள். செலவுக்குப் பணமும் அவர்களே திரட்டியது. இரண்டு ஆட்டம், இரண்டின் ஸ்கோரையும் கூட்டி வெற்றி. ஆண்கள் விதியில் ஆடியதில் கிராட்ஸ் 41-8. பெண்கள் விதியில் ஆடியதில் ஷாம்ராக்ஸ் 21-8. கூட்டினால் 49-29, பட்டம் எட்மன்டனுக்கு. ஒரே ஆட்கள், ஒரு விதியில் 41 எடுத்தவர்கள் இன்னொரு விதியில் எடுத்தது வெறும் 8! பழகின ஆட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் கிளீவ்லாந்தின் ஃபேவரிட் நிட்ஸ் எட்மன்டனுக்கு வந்தது. உலக சாம்பியன் என்று சொல்லிக்கொண்டு வந்த அணி. 34-20, 19-13 என இரண்டு ஆட்டமும் கிராட்ஸுக்கு. டைப்ரைட்டர் கம்பெனியான அண்டர்வுட் கொடுத்த கோப்பை அன்றிலிருந்து அவர்களிடமே நின்றது. 1924 பாரிஸ் தொடங்கி 1936 பெர்லின் வரை நான்கு ஒலிம்பிக் காலங்களில் காட்சி ஆட்டங்கள் ஆடி, 27-லும் ஜெயித்தார்கள். பதக்கம் ஒன்றுகூட இல்லை. பெண்கள் பாஸ்கெட்பால் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1976-ல்தான். இது அவர்களுக்கு நடந்த அநியாயம் என்றே சொல்வேன்.

தோல்வியும் உண்டு. 1933-ல் ஓக்லஹோமாவின் டூரன்ட் ஊரிலிருந்து வந்த கார்டினல்ஸ் என்ற கல்லூரி அணி ஒரே தொடரில் மூன்று ஆட்டங்களையும் வென்றது. அது 1932, 1933 இரண்டு வருஷமும் அமெரிக்கத் தேசிய சாம்பியனாக இருந்த அணி.

கிளப் நின்றுபோனபோது ஏணி உடையவில்லை. வரும்படிதான் உடைந்தது. வெளியூர் அணியை எட்மன்டனுக்கு அழைக்க வேண்டுமென்றால் டிக்கெட் பணம் வேண்டும், அதற்குப் பெரிய அரங்கம் வேண்டும். எப்போதும் ஜெயிக்கிற அணியைப் பார்க்க வரும் கூட்டம் ஏற்கெனவே குறைந்துகொண்டு வந்தது. போர் வந்ததும் கனடிய விமானப்படை அரங்கத்தை எடுத்துக்கொண்டது. பேஜும் 1940 தேர்தலில் ஜெயித்து ஆல்பர்ட்டா சட்டமன்றத்துக்குப் போனார். அந்த ஜூன் மாதம் கடைசி ஆட்டத்தை ஜெயித்துவிட்டு கிளப்பைக் கலைத்தார்கள். அண்டர்வுட் கோப்பையை நிரந்தரமாக அவர்களிடமே கொடுத்துவிட்டார்கள்.