"புளொக் கொண்டு வந்தீங்களா?": திருகோணமலையிலிருந்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வந்த அலைச்சல்

புற்றுநோய்ப் பிரிவில் அக்காவின் ஃபைலைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். எங்களிடம் ரிப்போட் இருந்தது, ஸ்கேன் படம் இருந்தது, மூன்று போட்டோக்கொப்பி இருந்தது. புளொக் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. இரவு முழுக்க ரயிலில் குந்தியிருந்து போனது அந்த ஒரு கேள்வியோடு முடிந்தது.

பயொப்சியில் எடுத்த தசைத்துண்டை லாப்பில் மெழுகில் பதித்து வைப்பார்கள். தீப்பெட்டியை விடச் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும். அதுதான் புளொக். அதிலிருந்து மெல்லிய சீவல் வெட்டித்தான் ஈ.ஆர்., பி.ஆர்., ஹேர்-2 என்ற மூன்று பரிசோதனையும் செய்வார்கள். ஹோர்மோன் குளிசை வேலை செய்யுமா, எந்த மருந்து ஏற்றுவது என்பதெல்லாம் இந்த மூன்றையும் பார்த்துத்தான் முடிவாகும். "புற்றுநோய்" என்று மட்டும் எழுதிய ரிப்போட்டை வைத்துக்கொண்டு டொக்டர் பாதி வழிதான் போகலாம். ஹேர்-2 முடிவு 0 அல்லது 1+ என்றால் இல்லை, 3+ என்றால் உண்டு. 2+ வந்தால் இரண்டும் கெட்டான். இன்னொரு பரிசோதனை வேண்டும், அதற்கும் இதே புளொக்தான். ஆகவே திருப்பித் தந்தால் பத்திரமாக வையுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட வேண்டாம், மெழுகு மெழுகுதான். கண்ணாடி ஸ்லைட் தந்தால் துவாயில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், பஸ்ஸின் மேல் தட்டில் போட வேண்டாம்.

அடுத்த கிழமை லாப்புக்குப் போனால் அங்கே வேறு கூத்து. ரிப்போட்டில் அக்காவின் பெயரில் ஒரு 'எச்' கூட, அடையாள அட்டையில் அது இல்லை. முதலெழுத்தும் இடம் மாறிக் கிடந்தது. "இது வேற ஆள்" என்று கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார். பெயரைத் தப்பாக அடித்தது அவர்கள். திருத்தக் கடிதம் கொண்டுவர வேண்டியது நாங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும் நாட்டில் இது தினமும் நடக்கும். முதல் நாள் பதியும்போதே அடையாள அட்டையை நீட்டி, பார்த்து எழுதச் சொல்லுங்கள். ரிப்போட் கையில் வந்ததும் அந்த இடத்திலேயே நான்கு விஷயம் பாருங்கள்: பெயர், வயது, திகதி, இடதா வலதா. கடைசியில் சொன்னது பகிடியில்லை. புளொக் எடுக்கப் போகும்போது சிகிச்சை செய்யும் டொக்டரின் கடிதம், அடையாள அட்டை, பணம் கட்டிய துண்டு மூன்றும் கையில் இருக்கட்டும்.

நோயைக் கண்டுபிடிக்கும் கட்டம் பெரிதாக இழுக்கவில்லை. கட்டி தெரிந்தது, சேர்ஜிக்கல் கிளினிக், ஸ்கேன், பயொப்சி. இதில் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். மமோகிராமுக்குப் போகும் நாள் மார்பிலும் கமக்கட்டிலும் பவுடர், வாசனைத் திரவியம் போடாதீர்கள், படத்தில் அது வெள்ளைப் பொட்டுகளாக விழுந்து குழப்பும். இளம் வயதினருக்கு மார்புத் தசை அடர்த்தியாக இருப்பதால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முதலில் செய்வார்கள். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதும், தடித்த ஊசியால் துண்டு எடுப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் கலங்கள் மட்டும் வரும், இரண்டாவதில்தான் தசை வரும், புளொக் வரும். "ஊசி குத்தினா பரவிடும்" என்று சொல்லி ஆறு மாதம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த பெண்களை வார்டில் பார்த்தேன். பரவியது அந்த ஆறு மாதத்தில்.

துண்டை லாப்புக்கு நீங்களே கொண்டுபோகச் சொன்னால், அது போமலின் திரவத்தில் நன்றாக அமிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். துண்டின் அளவைப் போல பத்து மடங்கு திரவம் வேண்டும், அகன்ற வாய்ப் போத்தல் வேண்டும். முழு மார்பை ஜாம் போத்தலுக்குள் திணித்தால் உள்ளே திரவம் போகாமல் பழுதாகும், பிறகு அந்த மூன்று பரிசோதனையையும் நம்ப முடியாது. அன்றைக்கே, பிந்தினால் அடுத்த நாளே, கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பரேஷன் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. வீட்டுக்கு வந்தபின் சோதித்தது அந்த டிரெய்ன் குழாய்தான். நெஞ்சிலிருந்தும் கமக்கட்டிலிருந்தும் வரும் நீரை உறிஞ்சும் போத்தல் அது. தினமும் ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். காலை ஆறு மணி என்றால் எப்போதும் ஆறு மணி. நேரம் மாறினால் கணக்கும் மாறும். முதலில் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வெளிறிய மஞ்சள் என்று போக வேண்டும். 24 மணித்தியாலத்தில் 30 மில்லிலீற்றருக்குக் குறைவாக இரண்டு நாள் தொடர்ந்தால் எடுக்கலாம் என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு. உங்கள் சேர்ஜன் சொல்வதுதான் முடிவு. நேற்று 120 இருந்தது இன்று திடீரென்று ஒன்றுமே இல்லை, கமக்கட்டு வீங்குகிறது என்றால் சந்தோஷப்பட வேண்டாம், குழாய் அடைத்திருக்கிறது. உறிஞ்சும் அமுக்கம் போய்விட்டாலும் அப்படித்தான். இரண்டுக்கும் வார்டுக்குப் போங்கள், நீங்களே கழற்றித் திறக்க வேண்டாம். போத்தலைக் கையில் தூக்கித் திரியாமல், பழைய சீலைத் துணியில் தோளில் மாட்டும் பை ஒன்று தைத்துக் கொடுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை நான்கு வேண்டும். தலையால் போடும் சட்டை ஒன்றும் உதவாது.

இனி நாங்கள் பட்ட இரண்டாவது அடி. அக்கா வலிக்குப் பயந்து கையை நெஞ்சோடு ஒட்டியே வைத்திருந்தா. சொந்தக்காரரும் "அசைக்காதே, தையல் பிரியும்" என்று காவல் காத்தார்கள். கதிர் சிகிச்சைக்கு முன் அளவெடுக்கும் ஸ்கேன் ஒன்று உண்டு. அதில் கையைத் தலைக்கு மேலே தூக்கி, அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு நாளும் அதே நிலை. அக்காவின் கை காதுவரைக்கும் வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள், மூன்று கிழமை பயிற்சி செய்துவிட்டு வரச் சொல்லி.

ஒப்பரேஷனுக்கு அடுத்த நாளிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: விரலை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைக் காதுப் பக்கம் உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் பத்துத் தரம், நாளுக்கு மூன்று நான்கு வேளை. குழாய் இருக்கும்வரை தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம். குழாய் எடுத்த பின் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் ஏறுங்கள். எட்டிய உயரத்தைப் பென்சிலால் கீறி வைத்தால் மறுநாள் ஒரு விரற்கடை கூட ஏற ரோசம் வரும். கமக்கட்டிலிருந்து முழங்கைவரை கயிறு இழுத்ததுபோல ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். மெதுவாக இழுத்துப் பயிற்சி செய்யச் செய்ய விடும். பிசியோதெரபி பிரிவுக்குக் கேட்டு வாங்கிப் போங்கள். கேட்காவிட்டால் சிலநேரம் ஒருவரும் அனுப்ப மாட்டார்கள்.

மூன்றாவது வீண் பயணம் கீமோவுக்கு. 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றுவதென்றால், ஏற்றுவதற்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ இரத்தம் பார்க்க வேண்டும். அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று போனோம், எண்ணிக்கை குறைவு, திரும்பி வந்தோம். ஊரிலேயே பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். மொத்த வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மொத்தம் 3200, அதில் கிருமியோடு போராடும் நியூட்ரோபில் கலங்கள் 40 வீதம் என்றால் உண்மையான எண்ணிக்கை 1280தான். பல இடங்களில் 1500க்குக் கீழே போனால் தள்ளி வைப்பார்கள். முடிவை போன் பண்ணிச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். டொக்சோரூபிசின் போன்ற சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏற்றுவதற்கு முன் இருதய எக்கோ ரிப்போட்டும் கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே எடுங்கள். அந்த மருந்து ஏற்றிய அன்றும் மறுநாளும் சலம் சிவப்பாகப் போனால் அது இரத்தமல்ல.

விளையாடக் கூடாத விஷயம் காய்ச்சல். கீமோ ஏற்றி ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருக்கும். வெப்பமானியில் 38 பாகை செல்சியஸ் காட்டினால், இரவு இரண்டு மணியென்றாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. முதலில் பனடோல் போட்டு விடியட்டும் பார்ப்போம் என்று இருந்தால் காய்ச்சல் மறைந்து கிருமி மறையாமல் இருக்கும். வாசலில் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை "கீமோ எடுக்கிறவ". வெறும் "காய்ச்சல்" என்றால் வரிசையில் இருத்திவிடுவார்கள். மூதூர், குச்சவெளிப் பக்கம் இருப்பவர்கள் இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரர் ஒருவரின் நம்பரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வாய்ப் புண்ணுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கலந்து நாளுக்கு நான்கைந்து தரம் கொப்பளித்தது உதவியது. அன்னமுன்னா இலைக் கசாயம் கொண்டுவந்து தருபவர்களுக்கு நன்றி சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள், குடிக்க வேண்டாம். கீமோ மருந்துகளோடு ஈரலுக்கு இன்னொரு வேலை எதற்கு.

எந்த ஆஸ்பத்திரி என்பது உங்கள் சேர்ஜன் எழுதும் கடிதத்தைப் பொறுத்தது. மட்டக்களப்பிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, யாழ்ப்பாணப் பக்கம் தெல்லிப்பளை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கொழும்புப் பக்கம் மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. எங்கே தங்க வசதி, எங்கே மொழி என்று யோசித்து டொக்டரோடு கதையுங்கள். கதிர் சிகிச்சை திங்கள் முதல் வெள்ளிவரை 15 நாளோ 25 நாளோ தொடர்ந்து நடக்கும், போய்வந்து செய்ய முடியாது. நடுவில் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் ஒரு நாள் நீளும். மகரகமைதான் என்றால் கொழும்புக் கோட்டையில் இறங்கி 138 பஸ். கதிர் சிகிச்சைக்காக உடம்பில் போட்ட மைக் குறியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

காசு விஷயத்தில் அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். பயணம், தங்கல், வெளியில் செய்யும் பரிசோதனை ஆகியவைதான் தின்னும். டொக்டரிடம் நோய் விபரம் எழுதிய கடிதம் வாங்கி, கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பகுதியில் உதவித்தொகை கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பத்தையும் இப்போது பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், முன்போல அதற்கென்று கொழும்புக்கு ஓட வேண்டாம். மூலப் பிரதியை எங்கேயும் கொடுத்துவிடாதீர்கள். ரிப்போட் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

கமக்கட்டு நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) எடுத்த பக்கக் கைக்கு ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கவனிப்பு வேண்டும். நீர் வடியும் வழி குறைந்துவிட்டதால் சின்னக் கீறலும் கிருமி பிடித்து வீங்கும். மேற்கையின் உட்பக்கம் மரத்தும் இருக்கும், சட்டி சுட்டாலும் தெரியாது. இரத்தம் எடுக்க, பிரஷர் பார்க்க மற்றக் கையை நீட்டுங்கள். மோதிரமோ காப்போ இறுகுவதுபோலத் தோன்றினால் காட்டுங்கள். சிவந்து சுட்டால் அன்றைக்கே மருந்து. திருவலையில் தேங்காய் துருவும்போது, மீன் வெட்டும்போது தடித்த றப்பர் கையுறை போடச் சொல்லுங்கள். சூடை மீன் முள்ளும் இறால் கொம்பும் சின்னதுதான், ஆனால் அக்காவை ஒருதரம் ஐந்து நாள் வார்டில் போட்டது ஒரு இறால் கொம்புதான். நண்டு துப்புரவாக்குகிற வேலை அன்றோடு அத்தானுக்கு மாறிவிட்டது.